இரண்டாம் வகுப்பில் முழம் போட்டது

1

எங்கள் ஊரில் இலைகள் உதிரத் தொடங்கிவிட்டன. 'எங்கள் ஊர்' என்று எழுதினால் எதைச் சொல்கிறேன் என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வரும். இப்போது சொல்வது கனடாவின் நடுவில் தட்டையாகக் கிடக்கும் இந்த ஊரை. மதுரைப் பக்கத்தில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஏதாவது ஒரு மலை படுத்திருக்கும். பார்வை அதில் முட்டி நிற்கும். இங்கே பார்வை ஓடி ஓடி, முட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல், களைத்துப்போய்த் திரும்பி வந்துவிடும். வந்த புதிதில் அது எனக்குத் தலைசுற்றலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. சில நாள் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது அதுவே ஒரு தூக்கம் போலவும் இருக்கிறது.

அப்படியொரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெளியே மஞ்சள் இலைகள் எந்த அவசரமும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே நான் என் மகள் கயலின் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பையின் அடியிலிருந்து, கறுத்துப்போன வாழைப்பழத் தோலோடு ஒட்டிக்கொண்டு ஒரு காகிதம் விழுந்தது.

'இந்தப் பருவத்தில் உங்கள் குழந்தை கற்கவிருப்பவை' என்று தலைப்பு. பக்கத்தில் சிரிக்கிற பூசணிக்காய். கீழே ஒரு பட்டியல்: இலை ஏன் நிறம் மாறுகிறது; வாத்துகள் ஏன் தெற்கே போகின்றன; இன்னொருவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்பது எப்படி; இரண்டு இலக்க எண்களின் கூட்டல். ஐம்பதை நெருங்கும் எனக்கு மூன்றாவது பாடம் இன்னும் வரவில்லை என்பதை என் மனைவி ரேவதி அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். அதை விடுங்கள். பட்டியலின் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்தது. 'நம் உடம்பைக் கொண்டு அளப்போம்: சாண், காலடி, முழம்.'

நான் இங்கே நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தத் தெருவில் எந்தக் குழாய் கசிகிறது என்று கணினித் திரையில் பார்த்துச் சொல்லவேண்டும். மில்லிமீட்டர் பிசகினால் தப்பான தெருவைத் தோண்டிவிடுவார்கள். பதினேழு வருடமாக மில்லிமீட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன் முன்னால் திடீரென்று முழம் வந்து நின்றால் எப்படி இருக்கும்? பேருந்து நிலையக் கூட்டத்தில் பள்ளிக்கூடத் தோழனைப் பார்த்த மாதிரி இருந்தது.

காகிதத்தின் அடியில் ஒரு கேள்வி. 'உங்கள் குடும்பத்தில் உடம்பால் அளக்கும் பழக்கம் உண்டா? வகுப்புக்கு வந்து செய்துகாட்ட முடியுமா?' இரண்டு கட்டங்கள். ஒன்று 'முடியும்', மற்றொன்று 'இப்போது முடியாது'. என் சார்பில் கயலே இரண்டாவது கட்டத்தில் பென்சிலால் டிக் அடித்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"என்னம்மா இது?"

"ஒனக்கு ஆபீஸ் இருக்கும்ல."

"லீவு போடுறேன்."

"அங்க எல்லாரும் மெதுவாப் பேசுவாங்கப்பா."

"நானும் மெதுவாத்தான் பேசுவேன்."

"இப்பக்கூட மெதுவாப் பேசல."

உண்மைதான். மதுரைத் தொண்டை, எதிர்ச்சாரியில் நிற்கிற ஆளோடு பேசி வளர்ந்தது. பள்ளி விடும்போது நான் வாசலுக்கு வரக்கூடாது, தெருமுனையிலேயே நிற்கவேண்டும் என்பது கயலின் சட்டம். காரணம் இந்தத் தொண்டைதான் என்று நினைத்திருந்தேன். என் சட்டையும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. இரண்டையும் மாற்ற இனிமேல் வழியில்லை.

ரப்பரை எடுத்து அவள் டிக்கை அழித்தேன். முதல் கட்டத்தில் பேனாவால் போட்டேன். அவள் கோபப்படவில்லை. சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான். ஏழு வயதில் அப்படிப் பெருமூச்சு விட நானெல்லாம் எங்கே கற்றேன்!

2

பள்ளிக்கூடத்துக்குள் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு இருக்கவேண்டுமானால், நான் குற்றவாளி இல்லை என்று காவல்துறை எழுதித் தரவேண்டும். இது நல்ல சட்டம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படிவத்தில் முதல் கேள்வியே பெயர்.

என் பெயர் வேல்முருகன். முன்னால் அப்பாவின் பெயருக்கு ஓர் எழுத்து. அதோடு முடிந்தது. இந்த நாட்டில் இறங்கிய அன்று ஒரு கவுண்டரில், அதைக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். என் சொந்தப் பெயர் என்ற இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அன்று முதல் எனக்கு வரும் கடிதங்கள் 'அன்புள்ள தெரியவில்லை வேல்முருகன்' என்றுதான் தொடங்கும். தத்துவ ரீதியாக எனக்கு மறுப்பில்லை. மாற்றுவதற்கு மூன்று படிவம் வேண்டும் என்றார்கள். சோம்பலில் தெரியவில்லையாகவே இருந்துவிட்டேன்.

காவல் நிலையத்தில் இருந்த பெண் படிவத்தை இரண்டு முறை படித்தார். "உங்கள் பெயர் உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று மிகவும் பரிவோடு கேட்டார். விளக்கினேன். பரிவு கூடியது. கடைசியில் பத்து விரல் ரேகையும் எடுத்து அனுப்பினார்கள். பூ அளப்பது எப்படி என்று காட்டப்போகிற கைக்குக் கைரேகை பதிவது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. மூன்று வாரத்தில் குற்றமற்றவன் என்று தபால் வந்தது. ரேவதி அதை வாங்கிப் படித்துவிட்டு, "இவங்க என்னையக் கேக்கவே இல்லையே!" என்றாள்.

இந்தப் பெயர் விவகாரத்தில் எனக்குக் கஷ்டமில்லை, கயலுக்குத்தான் கஷ்டம். என் பெயர்தான் அவளுக்குக் குடும்பப் பெயர். ஆங்கில எழுத்து வரிசையில் வி என்பது கடைசியை ஒட்டி வரும். அவள் வகுப்பில் பதினாறு பிள்ளைகள். மைதானத்துக்குப் போனாலும், நூலகத்துக்குப் போனாலும், தண்ணீர் குடிக்கப் போனாலும் குடும்பப் பெயர் வரிசைப்படி நிற்கவேண்டும். பதினாறாவது ஆள் எப்போதும் கயல்தான்.

"ஏம்ப்பா நம்ம பேரு ஏ-ல இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள். என் அப்பா திருப்பரங்குன்றத்தில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை நான். அதனால் வந்த பெயர் என்றேன். "அவரு ஏ-ல வேண்டியிருக்கலாம்" என்றாள்.

3

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வத்தைக் கூப்பிட்டேன். எனக்குக் காலை என்றால் அவனுக்குச் சாயங்காலம். என்னோடு ஒத்தக்கடைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். திரையில் முதலில் அவன் மூக்கு தெரிந்தது. பின்னால் எங்கோ குக்கர் விசில்.

"என்ன மாப்ள, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா? எதும் விசேசமா?"

"ஒன்னுமில்லடா. எம் மகளுக்கு இங்க சாணு, மொழமெல்லாம் நடத்துறாங்க."

"அட, போடா! நானும் அதத்தானே நடத்திக்கிட்டிருக்கேன். ரெண்டாம் பருவம் தொடங்கிருச்சுல்ல. அளவைகள்."

எனக்கு அது ஒரு கனவு போல இருந்தது. பூமியின் இந்தப் பக்கம் பதினாறு பிள்ளைகள் மேசையை விரலால் அளக்கிறார்கள். இவர்கள் தூங்கப் போனதும் அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள் எழுந்து பெஞ்சை அளக்கிறார்கள். நடுவில் அத்தனை கடல். எல்லாக் கைகளும் விரிந்து விரிந்து மூடுகின்றன.

செல்வத்துக்குக் கனவெல்லாம் கிடையாது. "கரும்பலகைய அளங்கடான்னு விட்டேன். ஒருத்தன் பன்னெண்டு சாணுங்குறான், ஒருத்தி பதினெட்டுங்குறா. ஒரு பய எந்திரிச்சு, 'சார், போர்டு வளருதா சார்'ங்குறான். வாத்தியார் வேல எம்புட்டுச் சொகம்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்கள்ல நீங்கள்லாம்!"

"நீ என்ன சொன்ன?"

"நான் எங்க சொல்ல? பூக்காரம்மா மக ஒருத்தி இருக்கா வகுப்புல. 'எங்கம்மா மொழந்தான் சார் கரெக்டு, நீங்களும் எங்கம்மாட்டயே வாங்குங்க'ன்னுட்டா. வாத்தியார்ட்டயே யாவாரம் பேசுது மாப்ள."

அவன் சிரித்து முடிக்கும்போது நான் ஒத்தக்கடை நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தேன். அங்கே இரண்டு பூக்காரர்கள் இருந்தார்கள். பாப்பாக்காவுக்கு ஆளும் நீளம், கையும் நீளம். ஆனால் முழங்கை முனையில் பிளேடை வைத்தால் வைத்ததுதான். முருகாயிக்காவுக்குக் கை குட்டை. ஆனால் அவர் அளந்து முடித்து, வெட்டப்போகும் கடைசி நொடியில், நூலை இரண்டு விரற்கடை தள்ளிவிடுவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. கை மட்டும் தள்ளும். அதுதான் கொசுறு.

கூட்டமெல்லாம் முருகாயிக்காவிடம்தான். என் அம்மா கணக்குத் தெரிந்தவள். நீளக்கையிடம் வாங்கிவரச் சொல்லித்தான் அனுப்புவாள். நான் தவறாமல் குட்டைக்கையிடம் வாங்கி வருவேன். வீட்டில் அம்மா பூவைத் தன் கையில் போட்டுப் பார்ப்பாள். "இன்னைக்கும் அவகிட்டதான் வாங்குனியா? எம்புட்டுச் சொன்னாலும் ஏறாதாடா ஒனக்கு? அந்தக் கொசுறோட சேத்தாலும் கொறையுதுடா!"

குறைவுதான். எனக்கும் தெரியும். ஆனால் பாப்பாக்காவிடம் வாங்கினால் வாங்கியதோடு முடிந்தது. முருகாயிக்காவிடம் வாங்கினால் கடைசியில் ஏதோ கூடக் கிடைத்த மாதிரி வீடு வரை நடக்கலாம். மேலூர் பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அந்தப் புழுதிக்குள்ளும் மல்லிகை வாசம் கலையாமல் கூடவே வரும்.

"மாப்ள, இருக்கியா? லைன் போச்சா?" என்றான் செல்வம்.

"இருக்கேன்டா."

"எங்க இருந்த?"

4

அளந்து காட்ட மல்லிகை வேண்டும் என்று அலைந்தேன். இந்திய மளிகைக் கடையில் வாரம் ஒருமுறை விமானத்தில் பூ வரும். பிளாஸ்டிக் டப்பாவில், கிராம் கணக்கு ஒட்டி. கிராமில் வந்த பூவை முழத்தில் அளப்பது பாவம் என்று பட்டது. வகுப்பில் பாதிப் பேருக்குப் பூ என்றாலே தும்மல் என்று டீச்சரும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆகவே கம்பளி நூல். கனகாம்பர நிறத்தில் ஒரு கண்டு.

முந்தின நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேசைக்குக் கயல் அளவு நாடாவோடு வந்தாள். அவளாக வந்தது எனக்கு ஆச்சரியம்.

"கைய நீட்டு."

நீட்டினேன். நடுவிரல் நுனியில் நாடாவை வைத்து முழங்கை முனை வரை இழுத்தாள். மூன்று முறை பார்த்தாள். "நாப்பத்தேழு" என்றாள். பிறகு பழைய காகிதம் ஒன்றின் முதுகில் நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்று பதினாறு முறை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். பெருக்கல் இன்னும் அவர்களுக்கு வரவில்லை, கூட்டல்தான். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, விரல் விட்டு, அழித்து அழித்துக் கூட்டினாள். எழுநூற்று ஐம்பத்திரண்டு வந்தது. தரையில் நாடாவை வைத்து, கம்பளி நூலைத் தளர்வில்லாமல் நீட்டி, ஏழு மீட்டர் ஐம்பத்திரண்டு சென்டிமீட்டரில் வெட்டினாள்.

ரேவதி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மதுரை சௌராஷ்டிரக் குடும்பம். தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். "பாத்தீங்களா? இது எங்க வீட்டு ரத்தம். எங்கப்பாவுக்கு ஒரு இழை கூடினாலும் ஆகாது, கொறஞ்சாலும் ஆகாது. ஒங்க வீட்டு ஆளுகளா இருந்தா கண்ண மூடி வெட்டியிருப்பாங்க."

"இம்புட்டு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

கயல் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். மறுநாள் நான் நூலை முழம் போட்டு ஆளுக்கு ஒரு துண்டு வெட்டித் தருவேன். மொத்தம் எத்தனை முழம் தேறும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்லவேண்டும். நூலை வெட்டிக் கொண்டுவருவது கயலின் பொறுப்பு. பெயரையும் எண்ணையும் டீச்சர் பலகையில் எழுதிவிட்டார். விடை சரியாக வருகிறவர் குளிர்கால விடுமுறை வரைக்கும் வரிசையில் முதல் ஆள்.

"நான் பதினாறு சொல்லியிருக்கேன்."

"நூல வெட்டுனதே நீதான். இது போங்காட்டம் இல்லையா?"

"டீச்சர்ட்ட கேட்டுட்டேன். அளந்து கண்டுபிடிச்சா போங்கு இல்லையாம், அதுதான் கணக்காம்." நூலைச் சுற்றி ஒரு உறையில் போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். எங்கப்பா கை கரெக்டாப் பதினாறு வெட்டும், ஒன்னுகூட மிச்சம் வராது, கொறயாதுன்னு."

என்னைப் பற்றி அவள் வெளியே ஒரு வார்த்தை சொன்னாள் என்று நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

5

வகுப்பறையில் எனக்குக் கொடுத்த நாற்காலி முழங்கால் உயரம்கூட இல்லை. அதில் உட்கார்ந்தால் என் முட்டி காதுக்குப் பக்கத்தில் வந்தது. கயலின் டீச்சர் திருமதி ஓல்சன், வெள்ளை முடியும் ஓட்டக்காரர் போடுகிற ஷூவுமாக இருந்தார். "இவர் கயலின் அப்பா. இவர் ஊரில் பூவைக் கையால் அளப்பார்கள்" என்றார். அங்கே பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே இலைகள் விழுந்துகொண்டிருந்தன. பலகையில் பதினாறு பெயர்கள், பதினாறு எண்கள். லியம் என்ற பையன் பதினைந்து என்று சொல்லியிருந்தான். சோஃபி என்ற பெண் ஆயிரம். கடைசியில் கயல், பதினாறு. அந்த எண்ணை மட்டும் யாரோ இரண்டு முறை அழுத்தி எழுதியிருந்தார்கள்.

பிள்ளைகள் வழக்கமான வரிசையில் நின்றார்கள். கயல் கடைசி.

முதல் பிள்ளைக்கு அளந்தேன். நடுவிரல் நுனியில் நூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, முழங்கை வரை இழுத்து, கத்தரியை வைத்து, வெட்டி, "இது உங்களுடையது" என்று கொடுத்தேன். பையன் நூலை மூக்கில் வைத்துப் பார்த்தான். பூ என்று சொன்னோம் அல்லவா!

இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு பிள்ளையும் உள்ளங்கையை விரித்துக்கொண்டு வந்தது. சின்னச் சின்ன உள்ளங்கைகள், மார்க்கர் பேனா மசியோடும் ஜாம் பிசுபிசுப்போடும். நூல் என் மணிக்கட்டில் உரசி உரசி ஓடியது. அந்த உரசலில் ஏதோ இருந்தது. கண்ணை மூடினேனோ என்னவோ. ரேடியேட்டரின் சூடு ஒத்தக்கடை வெயில் மாதிரி முதுகில் படர்ந்தது. எங்கோ ஒரு பஸ் ஹாரன். அடுத்த கை. அடுத்த கை. நான் யாருக்கும் அளந்து கொடுத்தவன் இல்லை, வாங்கியவன் மட்டும்தான். ஆனால் வாங்குகிறவன் கண் விற்கிறவர் கையை விட்டு நகராது. எத்தனையோ சாயங்காலம் பார்த்த கை, எனக்குத் தெரியாமல் என் கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பன்னிரண்டாவது பிள்ளைக்கு வெட்டும்போது கயலைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனமாகப் பார்க்கிறாள் என்று பெருமையாக இருந்தது. பதினைந்தாவதாக சோஃபி வந்தாள். அளந்து, வெட்டிக் கொடுத்தேன்.

கயல் முன்னால் வந்து உள்ளங்கையை விரித்தாள்.

என் கையில் மிச்சம் இரண்டு சென்டிமீட்டர் நூல் இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. தரையில் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். பிறகு மெல்ல, கிணற்றுக்குள் விழுந்த வாளி அடியில் தட்டுகிற மாதிரி, புரிந்தது. ஒவ்வொரு முறையும் கத்தரியை வைப்பதற்கு முன்னால் என் விரல் நூலை இரண்டு விரற்கடை தள்ளியிருக்கிறது. பதினைந்து பேருக்கும். கேட்காத கொசுறு. பதினைந்து கொசுறும் சேர்ந்து ஒரு முழத்தைத் தின்றுவிட்டது. கணக்குப் பாடத்துக்கு வந்து கொசுறு போட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"அட, என்ன ஆயிற்று?" என்றார் டீச்சர். அவருக்கு உற்சாகம். இப்படி ஏதாவது ஆகவேண்டும் என்றுதான் இந்தப் பாடத்தையே வைத்திருக்கிறார்கள் போல.

"நூல் குளிரில் சுருங்கிவிட்டது" என்றது ஒரு பிள்ளை.

"அவர் கை வளர்ந்துவிட்டது" என்றாள் சோஃபி.

"நான் சொன்ன பதினைந்துதான் சரி!" என்று லியம் குதித்தான். பின்னாலிருந்து யாரோ, "கயலுக்குக் கூட்டத் தெரியவில்லை" என்றார்கள்.

கயலின் உள்ளங்கை இன்னும் விரிந்தபடி இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது.

"ஒரு வழி இருக்கிறது" என்றார் டீச்சர். மேசையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "எல்லோருடைய நூலையும் அளந்து பார்க்கலாம். எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும்."

நான் எழுந்தேன். எழுந்தேன் என்பது பெரிய வார்த்தை. அந்த நாற்காலியிலிருந்து பாதி வரை வந்தேன். சொல்லிவிடவேண்டும். பிசகியது என் கை, என் மகள் கணக்கு இல்லை என்று. வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. கூடுதல், இலவசம், தள்ளுபடி, போனஸ் என்று ஆங்கிலத்தில் வரிசையாக வந்தன. எல்லாம் கடை விளம்பரப் பலகை மாதிரி இருந்தன. பதினேழு வருடமாக அந்த மொழியில் சம்பளம் வாங்குகிறேன். முருகாயிக்காவின் விரல் தள்ளியதைச் சொல்ல அந்த மொழியில் எனக்கு ஒரு சொல் இல்லை.

"அது... எங்கள் ஊரில்..." என்றேன்.

"நான்தான் தப்பாகக் கூட்டிவிட்டேன்" என்றாள் கயல்.

தெளிவான ஆங்கிலத்தில், மெதுவாக, அங்கே எல்லோரும் பேசுவது போல. பிறகு பலகைக்குப் போனாள். எட்டாததால் எக்கி நின்று, தன் பெயருக்கு எதிரே இருந்த பதினாறின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். டீச்சர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாடாவை மேசையில் வைத்துவிட்டார். லியமின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்தார்.

மணி அடித்தது. இடைவேளை. லியம் முதலில், கயல் கடைசியில் என்று வரிசை புறப்பட்டது.

6

கோட்டுகள் தொங்கும் நடைக்கூடத்தில் அவளைப் பிடித்தேன். மற்ற பிள்ளைகள் வெளியே போய்விட்டிருந்தார்கள். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினாறுதான்ப்பா சரி" என்றாள், தலையைத் தூக்காமல்.

"தெரியும்மா. நாந்தான்..."

"நீ தள்ளித் தள்ளி வெட்டுன. மூணாவது ஆள்லேர்ந்து நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." இரண்டாவது பூட்ஸில் காலை நுழைத்தாள். "நீ சிரிச்சிட்டு இருந்த. அப்பிடி நீ எப்பவும் சிரிக்க மாட்ட."

நடைக்கூடத்தில் ஈரக் கம்பளி வாசம் அடித்தது. மற்ற வகுப்புகளின் கோட்டுகள் தலையில்லாத பிள்ளைகளாக வரிசையாகத் தொங்கின.

"நான் போய் டீச்சர்ட்ட சொல்லிடுறேன். ஒங்கணக்கு கரெக்டு, எங் கைதான் தப்புன்னு. லியம்க்குப் பதிலா நீதான் மொதல்ல நிக்கணும்."

"வேணாம்." என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா அளந்து பாப்பாங்க."

"பாக்கட்டுமே."

"பாத்தா எல்லாரும் கூட இருக்கறத வெட்டித் திருப்பிக் குடுக்கணும்ப்பா."

"குடுக்கட்டும். ஒனக்கு ஒரு மொழம் வந்துரும்ல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். புரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைக் காட்டினாள். மைதானம் முழுக்க மஞ்சள் இலை. அதற்கு நடுவே கனகாம்பர நிறத்தில் பதினைந்து நூல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவன் மணிக்கட்டில், ஒருவன் கழுத்தில். ஒருவன் ஒரு மரக்கிளைக்குக் கட்டிவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

"சோஃபி ஏற்கெனவே தலையில கட்டிட்டாப்பா" என்றாள் கயல். கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, வெளியே ஓடினாள்.